ஊரடங்குக் காலத்தில் மலைப்பாதை விபத்துகள்: பார்த்ததைப் பகிருங்கள்

2020 மார்ச் 20 அன்று கொரோனாவால் இலங்கையில் ஊரடங்குச் சட்டம் வந்த பிறகு நம் மலையக வீதிகளில் விபத்து குறைந்ததா, கூடியதா? நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்.

கந்தப்பளை லொறிக்காரன்

எண்ணிக்கை குறைந்திருக்கும், ஐயா. ஆனால் நடந்தவை பெரிதாகவே நடந்தன. அனுமதிப் பத்திரத்துடன் தம்புள்ளைக்குக் கரட், லீக்ஸ் ஏற்றிய காலம் அது. ரம்பொடை இறக்கத்தில் வழக்கமாகச் சுற்றுலா வான்களும் பஸ்களும் ஊர்ந்துகொண்டிருக்கும். அந்த நெரிசல்தான் எங்களைக் கட்டுப்படுத்தியது. வீதி வெறிச்சோடியதும் பலர் கியரைக் குறைக்காமலே இறங்கினார்கள். முடக்கில், அதாவது வளைவில், ஹோர்ன் அடிப்பதையும் விட்டார்கள். எதிரே யார் வரப்போகிறார் என்ற தைரியம்!

புசல்லாவைக்கு மேலே எனக்கு முன்னால் போன லொறி அப்படித்தான் கவிழ்ந்தது. முதலில் பிரேக் கருகிய நாற்றம் வந்தது. அடுத்த முடக்கில் லொறி பக்கவாட்டில் கிடந்தது, கரட் மூட்டைகள் தேயிலைச் சரிவில் உருண்டுகொண்டிருந்தன. எதிரே ஒரு வாகனமும் வரவில்லை. சாரதியின் கால் கதவுக்கும் ஆசனத்துக்கும் நடுவே சிக்கியிருந்தது. வேறு நாளென்றால் ஒரு பஸ் கூட்டமே இறங்கி ஓடி வந்திருக்கும். அன்று நானும் என் உதவியாளரும் மட்டும். நல்ல வேளை, தோட்ட வேலைக்குத் தடை இல்லை. மேல் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடைகளை இறக்கிவிட்டு வந்தார்கள். இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்து விரித்து, அதிலேயே அவரைக் கிடத்தித் தூக்கினோம்.

மலையகத் தாதி

எங்கள் விபத்துப் பிரிவில் கட்டில்கள் காலியாக இருந்தன. அதை நம்பி மகிழ முடியவில்லை. வைத்தியசாலைக்குப் போனால் கொரோனாவுக்குப் பிசிஆர் பரிசோதனை எடுப்பார்கள், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தையே தனிமைப்படுத்துவார்கள் என்ற பயத்தில் மோட்டார் சைக்கிளில் விழுந்தவர்கள் வீட்டிலேயே கட்டுப் போட்டுக்கொண்டார்கள். ஓர் இளைஞர் மணிக்கட்டு முறிந்து வாரக்கணக்கில் கழித்து வந்தார். எலும்பு கோணலாகவே பொருந்திவிட்டிருந்தது. கொழும்பில் வேலை இழந்து தோட்டத்துக்குத் திரும்பியவர் அவர். சாப்பிடவும் இடக்கையைத்தான் நீட்டினார்.

பதுளை ஆசிரியர்

லொறிக்கார அண்ணன் சொல்வது அமெரிக்காவுக்கு நன்றாகப் பொருந்தும். 2020இல் அங்கே வாகன ஓட்டம் குறைந்தும் வீதி மரணங்கள் கூடி ஏறக்குறைய 39,000 ஆயின. வேகமும் ஆசனப்பட்டி அணியாமையும் முக்கியக் காரணங்கள். இலங்கையில் 2020இல் வீதி மரணங்கள் முந்திய ஆண்டைவிடக் குறைவு. இங்கே ஊரடங்கென்றால் நிஜமாகவே வீட்டோடு அடங்கினோம், சந்திக்குச் சந்தி பொலிஸ் நின்றது, மதுக்கடைகள் மூடியிருந்தன. அடங்கியிருந்த விபத்துகள் பிறகு திரும்பி வந்தன. சரியாக ஒரு வருடத்தில், 2021 மார்ச் 20 அன்று, பசறை 13ஆம் மைல் கட்டையருகே பஸ் பள்ளத்தில் பாய்ந்து 10க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விழுந்து கிடந்த பாறை அந்த இடத்தில் பாதையைக் குறுக்கியிருந்தது. இதற்கும் கொரோனா மீது பழி போடாதீர்கள்.

கந்தப்பளை லொறிக்காரன்

சேர், பாறை விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். மதுக்கடை மூடியிருந்ததும் உண்மை. ஆனால் கள்ளச்சாராயமான கசிப்புக்கு எந்த அரசாங்கம் ஊரடங்கு போட்டது?