ஆரையம்பதியில இருந்து கரடியனாறு: நாளாந்தம் ஓட எந்த பைக்?

ஆரையூர் வாத்தி:
இடமாற்றம் வந்திட்டு. வீடு ஆரையம்பதி. பள்ளிக்கூடம் கரடியனாறு தாண்டி, செங்கலடியில இருந்து போற பதுளை ரோட்டில இருந்து உள்ளுக்கு கிரவல் பாதையில போகணும். ஒரு வழி கிட்டத்தட்ட 40 கிலோமீற்றர், கிழமைக்கு அஞ்சு நாள். பஸ்ஸெண்டா மட்டக்களப்பு டவுனில மாறணும், இறங்கின பிறகும் நடை. வீட்டில கிடக்கிற ஸ்கூட்டி மனுசி வேலைக்குப் போக. எனக்கெண்டு ஒண்டு எடுக்கத்தான் வேணும்.

புதுசு நினைக்க ஏலாது. 2020 மார்ச்சில வாகன இறக்குமதிய நிப்பாட்டி, 2025இல திறந்து விட்ட பிறகும் ஷோரூம் விலை நம்மட கைக்கு வரல்ல. பழசுதான் பாக்கிறன். மனசில மூண்டு கிடக்கு: 100 சிசியில சிடி 100 இல்லாட்டி பிளாட்டினா, 150 சிசியில பல்சர் 150 இல்லாட்டி எஃப்சி (FZ), அதுவும் இல்லாட்டி இன்னொரு டியோ ஸ்கூட்டி. கடையில கேட்டா விக்காம நிக்கிறதத்தான் நல்லதெண்டு சொல்றாங்க. ரோட்டில ஓடுற ஆக்கள் சொல்லுங்க.

ஓய்வுநிலை எழுதுவினைஞர்:
தம்பி, முதலில் கணக்கைப் போடுங்கள். போக வர 80 கிலோமீற்றர், மாதம் 22 நாள் என்றால் 1,760. 100 சிசி பைக் லீற்றருக்கு 60 ஓடினால் 29 லீற்றர் சொச்சம். 150 சிசி லீற்றருக்கு 42 ஓடினால் 42 லீற்றர். பெற்றோல் 300 ரூபா என்று வைத்தாலும் மாதம் 3,700 ரூபாவுக்கு மேல் வித்தியாசம். பாடசாலை விடுமுறையைக் கழித்தாலும் வருடத்துக்கு ஒரு நல்ல தொகை நிற்கும். டயர், செயின், பிரேக் எல்லாம் 100 சிசிக்கு மலிவு.

2022ஐ அதற்குள் மறந்துவிட்டோமா? ஜூனில் 92 பெற்றோல் 470 ரூபா. பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்க க்யூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். அந்த நாட்களில் சின்ன எஞ்சின் வைத்திருந்தவன்தான் ஊர் சுற்றினான். பெரிய பைக்காரர்கள் பெற்றோல் செட் வாசலில் படுத்துக் கிடந்தார்கள்.

சம்மாந்துறை காக்கா:
ஐயா, உங்கட கணக்கையே எடுப்பம். 4 லீற்றர், லீற்றருக்கு 60, ஆக 240 கிலோமீற்றர். வாத்தியாருக்கு கிழமைக்கு 400 வேணும். 100 சிசி இருந்தாலும் புதன்கிழமையோட அவரும் வாசல்லதான் படுத்திருப்பார். திரும்ப 2022 வந்தா எந்த பைக்கும் காணாது. அத வெச்சு பைக் தெரிவு செய்யிறது சரியில்ல.

நான் காரைதீவு – அம்பாறை ரோட்டில வேலைக்கு ஓடுறவன். மேற்கால இருந்து கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில வயல்வெளிக்குள்ள 100 சிசிய ஓட்டிப் பாருங்க. எதிர்காத்துக்கு ஆக்சிலேட்டர் முழுசா முறுக்கிக் கிடக்கும், பைக் 50ல நிக்கும். அந்த நேரத்தில உங்கட லீற்றருக்கு 60 எங்க போகும்? பதுளை ரோட்டும் மேற்கப் பாத்த ரோட்டுத்தான். அங்கால மண் ஏத்துற டிப்பருக்குப் பின்னால புழுதி குடிச்சிக்கிட்டு எத்தன கிலோமீற்றர் போவீங்க? ஓவர்டேக் பண்ண கொஞ்சம் இழுவை வேணும். 150 எடுங்க வாத்தியார்.

பட்டிருப்பு டீச்சர்:
ஸ்கூட்டிக்கு ஒருத்தரும் கதைக்க மாட்டீங்க எண்டு தெரியும். நான் களுவாஞ்சிகுடியில இருந்து வெல்லாவெளிப் பக்கம் டியோவிலதான் போறன். எங்கட பள்ளிக்கூட வாசலில பாத்தா பாதி ஸ்கூட்டி. சாறியோட கியர் பைக் ஓடச் சொல்லிப் பாருங்க, அப்ப விளங்கும். சீற்றுக்குக் கீழ ரெயின்கோட், கால் வைக்கிற இடத்தில கொப்பிக் கட்டு. காத்தான்குடியில, ஏறாவூரில காலையில கிளச்சப் பிடிச்சுப் பிடிச்சு விடுற வேலையும் இல்ல. சேர்மார் ஸ்கூட்டியெண்டா சிரிப்பாங்க, மழை வந்தா எங்கட சீற்றுக்குக் கீழதான் தங்கட ஃபைலையும் வைக்கக் கேப்பாங்க.

சம்மாந்துறை காக்கா:
டீச்சர், உங்கட ரோட்டுக்கு அது சரி. அவருக்கு அதவிட எத்தனையோ மடங்கு தூரம். கடைசியில கிரவலும் இரிக்கி.

பட்டிருப்பு டீச்சர்:
கிரவல் எங்கட பக்கம் இல்லயா? வெல்லாவெளி இருக்கிற படுவான்கரைக்கு ஒருக்கா வந்து பாருங்க.

ஏறாவூர் கராஜ்:
சிசிய வெச்சு சண்ட பிடிக்கிறீங்க. நாளுக்கு 80 ஓடுற பைக்கில முதல்ல போறது செயின், அடுத்தது பின் டயர், அதுக்குப் பிறகு ஓடுறவர்ட முதுகு. எஞ்சின் கடைசியாத்தான் போகும், அதுவும் ஓயில் மாத்தாட்டி. இந்தத் தூரத்துக்கு ஒண்டரை மாசத்துக்கு ஒருக்கா ஓயில் மாத்தணும். ஆக்கள் ஆறு மாசத்துக்கு ஒருக்கா வருவாங்க, கறுத்த தண்ணி மாதிரி இறங்கும்.

டீச்சர் கோவிக்கக் கூடாது. பழைய டியோட ரெண்டு சக்கரமும் 10 அங்குலம். 100 எடுத்தாலும் 150 எடுத்தாலும் 17 அங்குலம். குழியில சின்னச் சக்கரம் இறங்கும், பெரிய சக்கரம் தாண்டும். ரோட்டு நல்லா இரிந்தா வித்தியாசம் தெரியாது, கிரவல்ல மழைக்குப் பிறகு தெரியும். டியோட தாங்கி 5 லீற்றர் சொச்சம்தான், வாத்தியார் ரெண்டு நாளைக்கு ஒருக்கா செட்டில நிக்கணும். அடுத்தது பெல்ட், ஸ்கூட்டியில செயினுக்குப் பதிலா இரிக்கிறது. செயின் அறுந்தா ரோட்டோரத்தில லொக் போட்டுப் பூட்டி வீடு வரலாம். பெல்ட் அறுந்தா தள்ளத்தான் வேணும், கரடியனாத்துக்கு அங்கால எங்க தள்ளுற? வெள்ளத் தண்ணி பெல்ட் பெட்டிக்குள்ள போனாலும் வழுக்கும். களுவாஞ்சிகுடிக்கு ஸ்கூட்டி நல்லம், இந்த ரோட்டுக்கு நான் சொல்லமாட்டன்.

ஐயாட 100க்கும் ஒரு குறை இரிக்கி. பழைய 100 சிசி பலதில ஹெட்லைட் நேர எஞ்சின்ட கரண்டில எரியும். ஆக்சிலேட்டர விட்டா வெளிச்சமும் விழும். பிரேக் பிடிக்கிற நேரம்தான் வெளிச்சம் வேணும், அந்த நேரம்தான் அது மங்கும். இருட்டினா ரோட்டில மாடு படுத்துக் கிடக்கும், சூட்டுக்கு தாரில படுக்கிற மாடு ஹோனுக்கு எழும்பாது. மற்றது, ரெண்டு பக்கமும் டிரம் பிரேக். நனைஞ்சா கொஞ்ச தூரத்துக்குப் பிடிக்காது.

150லயும் எஃப்ஐ, அதாவது கார்பரேட்டருக்குப் பதிலா பம்பும் சென்சரும் வெச்சு பெற்றோல் விடுற பைக், எடுக்கிறதெண்டா யோசிங்க. பெற்றோல் மிச்சம்தான், இழுவையும் நல்லம். கார்பரேட்டரெண்டா எந்த மூலையிலயும் கழட்டிப் பூட்ட ஆள் இரிக்கி. எஃப்ஐயில பம்ப் போனா, சென்சர் போனா லொறியில ஏத்தித்தான் டவுனுக்கு வரணும்.

என்னட்டக் கேட்டா 125. டிஸ்கவர் 125, இல்லாட்டி அந்த ரகத்தில எது நல்ல நிலையில கிடைக்கிதோ அது. முன் டிஸ்க் இரிக்கணும், லைட் பெற்றரியில எரியணும்.

பல்சர் மச்சான்:
டிஸ்கவர் இப்ப வாறதே இல்ல அண்ணே. செய்யிறத நிப்பாட்டின பைக்க எடுத்து வாத்தியார் பார்ட்ஸ் தேடி அலையணுமா? விக்கப் போனாலும் அடிமாட்டு விலைதான். பல்சர் எண்டா பெட்டிக்கடையிலயும் பார்ட்ஸ் இரிக்கும். 15 லீற்றர் தாங்கி, ஒருக்கா நிரப்பினா கிழமை முழுக்க ஓடலாம்.

ஏறாவூர் கராஜ்:
பார்ட்ஸ் இரிக்கி தம்பி. நான் பூட்டிக்கிட்டுத்தான் இரிக்கன். நீங்க பல்சர் விக்க நிக்கிறீங்களா?

பல்சர் மச்சான்:
அது வேற கத.

ஓய்வுநிலை எழுதுவினைஞர்:
காக்கா சொன்ன இழுவை பற்றி ஒரு வார்த்தை. ஆரையம்பதியிலிருந்து செங்கலடி வரை ஏறக்குறைய முழுவதும் ஊர்மனை. காத்தான்குடி, கல்லடி, டவுன், பிள்ளையாரடி, தன்னாமுனை, ஏறாவூர். அதற்குள் 50க்கு மேல் போகச் சட்டமும் இடம் தராது, சனமும் இடம் தராது. மிச்சம் இருப்பது பதுளை ரோட்டுத் துண்டு மட்டும்தான். நாற்பதையும் 60இல் ஓடினால் 40 நிமிடம், 75இல் ஓடினால் 32 நிமிடம். முழுப் பாதையும் காலியாகக் கிடந்தாலே இலாபம் எட்டு நிமிடம். அந்த எட்டு நிமிடத்துக்கு மாதம் 3,700 ரூபா கட்டுவதா? ஆசிரியர் சம்பளம் எனக்குத் தெரியாததா!

சம்மாந்துறை காக்கா:
ஐயா, நேரத்தப் பத்தி நான் கதைக்கவே இல்ல. டிப்பர முந்துற அந்த ஏழெட்டு செக்கனுக்குத்தான் இழுவை கேக்கிறன். அதோட 100 சிசிட மெல்லிய சீற்றில, அந்த ஷொக்ல, நாளுக்கு 80. காசு மிச்சம் பிடிச்சு நாரிப் பிடிப்புக்கு எண்ணெய் வாங்கிப் பூசலாம்.

ஓய்வுநிலை எழுதுவினைஞர்:
முந்தாமல் பின்னால் போனால் என்ன? டிப்பர் எப்படியும் எங்காவது திரும்பும்.

ஆரையூர் வாத்தி:
ரெண்டு பேரும் சொல்றது விளங்குது. நான் கேக்க மறந்த ஒண்டு, யானை. அங்க படிப்பிக்கிற ஆக்கள் பின்னேரம் அஞ்சுக்குப் பிறகு நிக்காதீங்க எண்டு சொல்றாங்க. விளையாட்டுப் போட்டி, மாலை வகுப்பு எண்டு வந்தா பிந்தத்தான் செய்யும்.

புல்லுமலைப் பக்கத்தான்:
யானைக்கு சிசி தெரியாது சேர். எங்கட பக்கம் ஓடுறவன் பாக்கிறது ரெண்டு விசயம்: பைக் உடனே ஸ்டார்ட் ஆகுமா, ஒடுங்கின பாதையில டக்கெண்டு திருப்பலாமா. பல்சர் 140 கிலோவுக்கு மேல. கிரவல்ல, பதட்டத்தில, கால் ஊண்டித் திருப்பிப் பாருங்க. சிடி 100 அதவிட 30 கிலோ அளவுல குறைவு, கையால தூக்கிக்கூட திருப்பலாம். நாங்க எல்லாரும் 100 வெச்சிருக்கிறது வசதியில்லாமத்தான், ஆனா இந்த ஒண்டுக்கு அது உதவும்.

யானையக் கண்டா ஹோன் அடிக்காதீங்க, லைட்ட ஏத்தி இறக்காதீங்க, கிட்டப் போய் போட்டோ எடுக்காதீங்க. தூரத்திலயே நிண்டு, அது போகட்டும் எண்டு விடுங்க. போகாட்டி திரும்பி வந்து முன்னால இருக்கிற கடையில இருங்க. அந்த நேரத்தில உங்களப் போல நாலு பேர் அங்க இருப்பாங்க. காலையிலயும் கவனம், விடிய ஆறுக்கு முதல் போறதெண்டா அதுவும் அதுகள்ட நேரம்தான்.

பல்சர் மச்சான்:
இலெக்ட்ரிக் ஒண்டும் யோசிக்கலாமே சேர்? இப்ப நிறைய வந்திட்டு. பெற்றோல் கதையே இல்ல.

ஏறாவூர் கராஜ்:
போக வர 80. புதுசா இரிக்கக்குள்ள கம்பனி சொல்ற தூரம் ஓடினாலும், பெற்றரி பழசாக, எதிர்காத்தில, கிரவல்ல அது குறையும். பள்ளிக்கூடத்தில கரண்ட் இல்லாத நாள் வந்தா சேர் அங்கேயே படுக்கணும். டவுனுக்குள்ள ஓட நல்ல சாமான். இதுக்கு வேணாம்.

பட்டிருப்பு டீச்சர்:
கடைசியா ஒண்டு சொல்லிட்டுப் போறன். எந்த பைக்கெண்டாலும் மாரிக்கு ஒரு யோசனை வையுங்க. கார்த்திகை, மார்கழியில உள்பாதை தண்ணிக்குள்ள கிடக்கும். அந்த நாளையில 150ம் ஒண்டுதான், ஸ்கூட்டியும் ஒண்டுதான். அதிபரோட முதல்லயே கதைச்சு வையுங்க.

சம்மாந்துறை காக்கா:
இதில டீச்சரோட நானும் ஒண்டு. 2024 நவம்பர்ல மாவடிப்பள்ளியில வெள்ளம் உழவு மெஷினையே அடிச்சிக்கிட்டுப் போச்சு, மத்ரசாப் புள்ளைகள் மௌத்தாப் போனாங்க. அந்த ரோட்டாலதான் நான் வேலைக்குப் போறன். அதுக்குப் பிறகு ஓடுற தண்ணியக் கண்டா, முழங்கால் அளவெண்டு ஆள் சொன்னாலும், பைக்கத் திருப்பிடுவன்.

ஆரையூர் வாத்தி:
எல்லாருக்கும் நன்றி. டியோவ விட்டிட்டன், டீச்சர் மன்னிக்கணும். 150க்கு மனசு போகுது, கை போகல்ல. கராஜ் அண்ணே சொன்ன மாதிரி ஒரு 125 செங்கலடியில நிக்குது, முன் டிஸ்க், ஒரே ஆள் ஓடினது எண்டு சொல்றாங்க. மீற்றர் ஓட்டம் குறைவாத்தான் காட்டுது.

சம்மாந்துறை காக்கா:
125 எண்டா ரெண்டு பக்கத்துக் குறையும் சேந்து வரும் வாத்தியார். ஆறு மாசத்தில மாத்துவீங்க, பாருங்க.

ஓய்வுநிலை எழுதுவினைஞர்:
அப்படி மாற்றினால் 100க்கு மாற்றுங்கள்.

ஏறாவூர் கராஜ்:
மீற்றர நம்பாதீங்க, அத மாத்துறது அஞ்சு நிமிச வேல. கால் வைக்கிற ரப்பர், பிரேக் பெடல், ஹாண்டில் கிரிப் தேஞ்சிரிக்கா பாருங்க, அதுகள் பொய் சொல்லாது. காலையில குளிர் எஞ்சினில ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க, நீங்க போக முதல் சூடாக்கி வெச்சிரிந்தா அதுக்கு ஒரு காரணம் இரிக்கும். சைலன்சரில நீலப் புகை வந்தா எஞ்சின் ஓயில் குடிக்கி. முன் சக்கரத்த தூக்கி ஹாண்டில மெல்லத் திருப்புங்க, நடுவில ஒரு இடத்தில பிடிச்சா, ஹாண்டில் திரும்புற போல்ரேஸ் போயிட்டு.

இதெல்லாத்துக்கும் முதல் பைக்கிட பதிவுப் புத்தகத்த வாங்கிப் பாருங்க. லீசிங் கம்பனிட பேர் அதில இரிந்தா, அது கழியும் வரைக்கும் அட்வான்ஸும் குடுக்காதீங்க. பேர் இல்லாட்டி பைக்க எடுத்துக்கிட்டு பின்னேரம் கராஜுக்கு வாங்க, பாத்துச் சொல்றன். வெள்ளிக்கிழமை மட்டும் வேணாம், பூட்டு.