‘சரவுண்ட்’: சூழா, சுற்றிவளைப்பா?

ஹட்டன், மாலை 4.10
எல்லாருக்கும் வணக்கம். வெள்ளம், மண்சரிவு பற்றிய துண்டுப்பிரசுரம் நாளைக் காலை அச்சகத்துக்குப் போகுது. ஒரே சொல்லில் நிற்கிறேன். தண்ணீர் வீட்டை ‘சரவுண்ட்’ (surround) பண்ணினால் என்ன செய்வது என்று ஒரு வரி. ‘சுற்றிவளைத்தால்’ சரியா?

கண்டி, மாலை 5.30
டீச்சர், அதை மட்டும் போடாதீங்க. நம்ம நாட்டில் சுற்றிவளைப்பு என்றால் விடியற்காலையில் படையினர் கதவைத் தட்டி அடையாள அட்டை கேட்பது. ‘சூழ்ந்தால்’ போதும். அந்த ஆங்கில வினையின் பூர்வீகமே தண்ணீர்தான். லத்தீனில் ‘சுப்பர்’ மேலே, ‘உண்டா’ அலை; கரை மீறி வழிவதுதான் முதற்பொருள். ‘ரவுண்ட்’ என்று காதில் விழுந்த மயக்கத்தில், 17ஆம் நூற்றாண்டில் சுற்றி நிற்பதாகிவிட்டது. நமக்கு அந்த மயக்கமே இல்லை. சூழ், சுழி, சுழல், சுற்று எல்லாம் ஒரே கொடி. சுழியம்கூட!

பதுளை, இரவு 8.00
சேர், பூச்சியம் வரைக்கும் போயிட்டீங்க. டீச்சரின் துண்டுப்பிரசுரத்தில் இருப்பதே ஒரு பக்க இடம். குறள் 380இல் ‘மற்றொன்று சூழினும்’ என்றால் வேறொன்றை எண்ணினாலும் என்று பொருள். சூழ்ச்சி அதன் பிள்ளை. கல்யாணப் பத்திரிகையில் ‘சுற்றமும் நட்பும் சூழ’ என்று அழைக்கிறோம். வெள்ளத்துக்கும் அதே சொல்லா?

போன மழைக்குப் பக்கத்து லயத்து வரிசை வீடுகளில் தண்ணிக் கான் அடைத்து, வாசல் இஸ்தோப்பு வரை சேறு. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு தேயிலைக் கொழுந்து பறிக்கக் கிளம்பி நின்ற அம்மாயி சொன்னது: ‘தண்ணி நாலு பக்கமும் சுத்திக்கிருச்சு.’ வாசிக்கப் போவது அவங்கதான். ‘சுற்றிக்கொண்டால்’ என்று போடுவோம்.

கண்டி, இரவு 8.20
வாசிக்கிறவங்க ‘யார் சுற்றுறாங்க’ என்று கேட்பாங்க. தமிழ்நாட்டார் சுற்றுச்சூழல் என்பதை நாம் சுற்றாடல் என்கிறோம். அந்தச் சொல்லிலேயே நாம் சூழைக் கைவிட்டாச்சு. இங்கேயாவது இருக்கட்டும்.

ஹட்டன், இரவு 11.15
தனி மடலிலும் இரண்டு பேர் சூழ் என்கிறார்கள். ‘நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்தால் உடனே மேட்டுக்கு ஏறுங்கள்’ என்று முடித்துவிட்டேன். கண் எரியுது.

பதுளை, இரவு 11.40
என் ஓட்டு இன்னும் சுற்றுக்குத்தான். அது கிடக்கட்டும். மேட்டுக்கு ஏறச் சொல்றீங்களே டீச்சர், 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்த தோட்டத்தில் லயத்து மேலே வந்து விழுந்தது எது? நம்ம பக்கம் மேடுதானே சரியுது? முதலில் அந்த வரியை மாத்துங்க.