கேலிபருக்குத் ‘துளையளவு’: மான் வேட்டை அத்தியாயத்தை முன்வைத்து

நண்பர்களுக்கு வணக்கம். சேலத்திலிருந்து எழுதுகிறேன்.

மான் வேட்டைக்கு ரைஃபிள் தேர்ந்தெடுப்பது பற்றிய ஓர் அத்தியாயத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நம் நாட்டில் 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மானை வேட்டையாடுவது குற்றம். ஆகவே இதில் வரும் காடுகள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இருக்கின்றன. அங்கே குடியேறிய தமிழர்களும், இங்கே ரைஃபிள் கிளப்பில் குறி சுடப் பழகுகிறவர்களும் படிப்பார்கள் என்று நினைத்து எழுதுகிறேன்.

நம் குழு தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலில் கேலிபருக்கு (caliber) ‘தோட்டா அளவு’ என்று இருக்கிறது. அதைத் ‘துளையளவு’ என்று மாற்ற வேண்டும். தோட்டா என்பது கூடு, வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் கேப்பு, முனையில் குண்டு என நான்கும் சேர்ந்த ஒரு பொருள். கேலிபரோ குழலின் உள்துளை எவ்வளவு அகலம் என்பதை மட்டும் சொல்வது. .30-30 வின்செஸ்டர் என்ற தோட்டா 1895-ல் வந்தது, .300 வின்செஸ்டர் மேக்னம் 1963-ல் வந்தது. இரண்டின் குண்டுக்கும் விட்டம் .308 அங்குலம்தான். ஆனால் மேக்னத்தின் கூட்டில் மருந்து மிக அதிகம். அதனால் குழல் வாயை விட்டு வரும்போது முதலாவதன் ஆற்றல் சுமார் 1,800 அடி-பவுண்டு என்றால், இரண்டாவதன் ஆற்றல் 3,500 அளவில் இருக்கும். இவற்றுக்குத் ‘தோட்டா அளவு ஒன்றே’ என்று எழுதினால் அது பொய். கடையில் தவறான பெட்டியை வாங்கவைக்கும் பொய், அதனால் ஆபத்தானதும்கூட.

சட்டத்தை மொழிபெயர்க்கும்போது சிக்கல் இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிக்கான 1991-ம் ஆண்டு மான் சட்டம், கேலிபர் .240 அங்குலத்துக்கும், குழல் வாய் ஆற்றல் 1,700 அடி-பவுண்டுக்கும் குறையக் கூடாது என்கிறது (சில சிறு மான் இனங்களுக்கு விலக்கு உண்டு). .243 வின்செஸ்டர் இதற்குள் வரும், .223 ரெமிங்டன் வராது. ஸ்காட்லாந்தின் விதி கேலிபரைத் தொடுவதே இல்லை. குண்டின் எடை, வேகம், ஆற்றல் ஆகியவற்றை வைத்தே வரையறுக்கிறது. ஒரே தீவில் இரண்டு விதமான அளவுகோல். துளைக்கு ஒரு சொல்லும் தோட்டாவுக்கு ஒரு சொல்லும் தனித்தனியாக இல்லாமல் இந்தப் பத்தியைத் தமிழில் எழுதவே முடியாது.

‘குழல்விட்டம்’ என்று இங்கே ஒருவர் பரிந்துரைத்திருந்தார். நல்ல சொல்தான். ஆனால் வெளிவிட்டமா உள்விட்டமா என்ற கேள்வி வரும். அதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. ரைஃபிள் குழலுக்குள் முறுக்கிச் செல்லும் பள்ளங்களும், அவற்றுக்கு இடையே மேடுகளும் உண்டு. நம் ஊர் லேத் பட்டறைகளில் திருகாணிக்குச் சொல்கிற மரை என்ற சொல்லே இதற்கும் பொருந்தும். 1925-ல் வந்த .270 வின்செஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டுக்கு மேடு அளந்தால் .270, பள்ளத்துக்குப் பள்ளம் அளந்தால் .277, குண்டும் .277. .308 வின்செஸ்டரின் பெயரோ பள்ளத்து அளவிலிருந்து வந்தது. பெயரில் இருக்கும் எண் எப்போதும் ஒரே இடத்தில் அளந்ததல்ல. ‘விட்டம்’ என்று சொன்னால் அந்த எண்ணுக்கு இல்லாத துல்லியத்தைக் கொடுத்துவிடுகிறோம். ‘துளையளவு’ என்றால் அந்த வாக்குறுதி இல்லை. கருவி வைத்து அளந்து சொல்லும் இடத்தில் மட்டும் ‘துளைவிட்டம்’ என்று எழுதிக்கொள்ளலாம்.

தோட்டாவின் முழுப் பெயருக்குத் ‘தோட்டா வகை’ போதும்.

— — —

ஐயா, வணக்கம். ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன்.

துளையளவு எனக்குப் பிடித்திருக்கிறது. மலையில் பழைய நாட்டுத் துப்பாக்கிகளைப் பற்றிப் பேசுவார்கள். அவற்றின் குழலில் மரை கிடையாது. அதற்கும் இந்தச் சொல் ஒத்துவரும். ஆனால் துளையைக் குறிக்கும் ‘போர்’ (bore) என்ற வழக்கை என்ன செய்வது? உரிமம் வைத்திருப்பவர்கள் ‘பன்னிரண்டு போர்’ என்றுதானே சொல்கிறார்கள்? ஈழத்து நண்பர்களும் ‘50 கலிபர்’ என்றே எழுதிப் பழகியவர்கள்.

இன்னொன்று. அத்தியாயம் எண்களிலேயே நின்றுவிடக் கூடாது. சரியான எண்ணை வாங்கிவிட்டால் சரியாகச் சுட்டுவிடலாம் என்று புதியவர்கள் நினைப்பார்கள். அடிபட்ட மான் காட்டுக்குள் ஓடி நாள்கணக்கில் துடித்துச் சாவது எந்த நாட்டில் நடந்தாலும் கொடுமை.

— — —

தம்பி, உங்கள் இரண்டாவது கவலைதான் எனக்கும் பெரியது. அந்தப் பகுதியை இப்படி எழுதியிருக்கிறேன், சொற்கள் உறுத்துகின்றனவா என்று பாருங்கள்:

“துளையளவு பெரிதாக இருப்பது குறி தவறியதை ஈடுகட்டாது. மான் பக்கவாட்டில் நிற்கும்போது, முன்னங்காலை ஒட்டிப் பின்னால், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் குறி வைக்க வேண்டும். இதயமும் நுரையீரலும் அங்கே இருக்கின்றன. ஏறக்குறைய 8 அங்குல வட்டம்தான் உங்களுக்குக் கிடைக்கும் இடம். உட்கார்ந்தோ முழந்தாளிட்டோ அந்த வட்டத்துக்குள் ஒவ்வொரு குண்டையும் எவ்வளவு தூரத்திலிருந்து போட முடிகிறதோ, அதுவே உங்கள் எல்லை. குண்டு அதைத் தாண்டிப் பறக்கும் என்பதற்காக நீங்கள் சுடக் கூடாது. உதைப்பு அதிகமான ரைஃபிளில் பழகினால், விசையை அழுத்தும் முன்பே தோள் சுருங்கும், கண் மூடும், குழல் நகரும். .243 வின்செஸ்டரோ, 2007-ல் வந்த 6.5 க்ரீட்மோரோ மென்மையாக உதைக்கும். மானுக்கு அவை தாராளமாகப் போதும். குண்டு மட்டும் உள்ளே போனதும் விரியும் வகையாக இருக்க வேண்டும்.”

இனி ‘போர்’. ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள் ‘ஆறரை இஞ்ச் போர்’ என்றால் சேலத்தில் எல்லோருக்கும் புரிகிறது. பேச்சில் அது இருக்கட்டும். எழுத்தில் ‘போர்த் துப்பாக்கி’ என்று வந்தால் யுத்தம் என்றுதான் படிப்பார்கள். மேலும் 12 போர் என்பது அங்குலக் கணக்கே இல்லை. அந்தத் துளைக்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் 12 சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை, அதுதான் அந்த எண். எண் கூடக் கூடத் துளை சிறுக்கும். 12 போருக்குத் துளை சுமார் 18.5 மில்லிமீட்டர், 16 போருக்கு அதைவிடக் குறைவு. இந்த முறைக்கு மட்டும் ‘போர்’ என்பதை அப்படியே வைத்துக்கொள்வோம். துளையளவோடு கலக்க வேண்டாம். கலிபர் என்ற ஒலிபெயர்ப்பை ‘துளையளவு’ பதிவின்கீழ் மாற்று வழக்காகச் சேர்த்துவிடலாம். தேடுகிறவர் எந்தச் சொல்லில் தேடினாலும் இங்கே வந்து சேரட்டும்.

‘உதைப்பு’ என்பதை நானாகவே புகுத்தியிருக்கிறேன். ‘துப்பாக்கி உதைக்குது’ என்றுதானே சொல்கிறோம், அதனால் ‘பின்னடிப்பு’ போன்றவற்றைத் தேடிப் போகவில்லை. யாருக்காவது மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். அப்புறம், சுட்டபின் கீழே விழும் வெற்றுக் கூட்டுக்கு ஈழத்தில் தனிச் சொல் இருந்தால் யாராவது எழுதுங்கள். அடுத்த பக்கம் அதற்காக நிற்கிறது.