அமுக்கரா (அஸ்வகந்தா) கேப்ஸ்யூல்: 4.4 ஸ்டாரா, 4.1 ஸ்டாரா?

தாழம்பூ: 4.4 ஸ்டார் வாங்கிய பாட்டிலில் “அமுக்கரா சாறு 10:1, 500 மி.கி.” என்று போட்டிருக்கு. 4.1 வாங்கியதில் “வேர்ச் சாறு 300 மி.கி., விதனோலைடு 5%”. முதலாவதின் ரிவ்யூ முழுக்க “ரெண்டே நாளில் நல்ல தூக்கம்”தான். அதையே எடுக்கலாமா? அம்மாவுக்குத்தான், தைராய்டு மாத்திரை சாப்பிடுறாங்க.

வேலிப்பருத்தி: ஸ்டாரை விடுங்க, லேபிளைப் பாருங்க. 300 மி.கி.-யில் 5% என்றால் 15 மி.கி. விதனோலைடு (அமுக்கராவில் வேலை செய்யுற முக்கிய வேதிப்பொருள்), கணக்கு தெளிவு. 10:1 என்பது பத்து கிலோ வேரிலிருந்து ஒரு கிலோ சாறு என்று மட்டும்தான் சொல்லும்; உள்ளே விதனோலைடு எவ்வளவு என்று சொல்லாது. “வேர்” என்ற சொல் இருக்கான்னும் பாருங்க. இலையைக் கலந்து சதவீதத்தை மலிவாக ஏற்றிவிடலாம். வேரை மட்டுமே பயன்படுத்தணும், இலை வேண்டாம் என்று ஆயுஷ் அமைச்சகம் 2021-லேயே கம்பெனிகளுக்கு அறிவுறுத்தியிருக்கு.

குப்பைமேனி: அந்த “ரெண்டே நாள்” ரிவ்யூக்களைத் தள்ளி வைங்க. தூக்கம், மன அழுத்தம் பற்றிய ஆய்வுகளில் நாளுக்கு 600 மி.கி. வரை கொடுத்து 8 வாரம் போல பார்த்திருக்காங்க. பார்சல் வந்த வாரமே எழுதுறவங்களுக்கு பேக்கிங் பற்றித்தான் தெரியும்.

“புதியவை முதலில்” என்று மாற்றி 2, 3 ஸ்டார்களைப் படிங்க. வயிற்றுப்போக்கு, பகலில் மந்தம், சீல் உடைந்திருந்தது, எக்ஸ்பைரிக்கு ரெண்டு மாசம்தான் பாக்கி என்பதெல்லாம் அங்கேதான் கிடக்கும். ஒவ்வொரு ரிவ்யூவுக்கும் மேலே சின்ன எழுத்தில் எந்த வகை வாங்கினாங்கன்னு இருக்கும். சூரணம், கம்மி (மென்று தின்னும் மிட்டாய் வடிவம்), கேப்ஸ்யூல் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் கோர்த்து ஸ்டாரைக் கூட்டுற விற்பனையாளர்கள் உண்டு. ரிவ்யூ படத்தில் வேற நிற மூடி தெரிந்தால் உஷாராகணும்.

“வாங்கியது உறுதி” முத்திரையையும் முழுசா நம்ப முடியாது. “5 ஸ்டார் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் கேஷ்பேக்” என்ற அட்டை பாட்டிலோடு வந்தால், வாங்கினவரே காசுக்கு எழுதுறார். இப்படி விலைக்கு வாங்கின ரிவ்யூவைப் போடக்கூடாதுன்னு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) 2022-ல் ஐஎஸ் 19000 என்ற தரவிதியைக் கொண்டுவந்தது. ஆனா அது விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவில்தான் வந்தது.

வேலிப்பருத்தி: கூடவே உரிம எண். எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் 14 இலக்கம், அவங்க தளத்திலேயே போட்டுப் பார்க்கலாம். ஆயுர்வேத, சித்த மருந்தாக விற்றால் மாநில உரிம எண் இருக்கணும். ரெண்டும் இல்லைன்னா வாங்கவே வேண்டாம்.

நிலவேம்பு: எல்லாரும் பாட்டிலையே பேசுறீங்க, தைராய்டு விஷயத்தை விட்டுட்டீங்க. அமுக்கரா தைராய்டு ஹார்மோனை ஏற்றலாம். தைராக்ஸினோடு (தைராய்டு குறைவுக்குத் தர்ற மாத்திரை) சேர்ந்தால் படபடப்பு, கை நடுக்கம், எடை குறைவு வரலாம். டாக்டரிடம் கேட்டு, டிஎஸ்ஹெச் (தைராய்டு அளவு தெரியுற ரத்தப் பரிசோதனை) பார்த்த பிறகுதான் யோசிக்கணும். கல்லீரல் பாதித்ததாகவும் மருத்துவப் பதிவுகள் இருக்கு. உடம்பு அரிப்பு, சிறுநீர் கடும் மஞ்சளாகப் போவது தெரிந்தால் உடனே நிறுத்தணும். இந்த மாதிரி பாதிப்பு பல வாரம் கழித்துத்தான் தெரியும், அதுக்குள்ள ரிவ்யூ போட்டு முடிச்சிருப்பாங்க.

தாழம்பூ: கேப்ஸ்யூலுக்குப் பதில் சூரணத்தைப் பாலில் கலந்து கொடுத்தால் பரவாயில்லையா?

நிலவேம்பு: சூரணத்தில் விதனோலைடு குறைவுதான். ஆனா மூலிகை அதேதானே, தைராய்டு எச்சரிக்கையும் அதேதான். டிஎஸ்ஹெச் ரிசல்ட் வரும்வரை ரெண்டும் வேண்டாம்.