உடம்பு இளைக்க மாத்திரை: யாருக்கு என்ன ஆச்சு? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

மருந்துக்கடைக்காரர் (கரூர்):
முகூர்த்த மாசம் நெருங்கினா எங்க கடைக்குத் தனியா ஒரு கூட்டம் வரும். போன்ல ஒரு படத்தைக் காட்டி, "அண்ணே, இது இருக்கா?" இல்லைன்னா கூரியர்ல வரவழைச்சுக்குவாங்க. அப்படி வரவழைச்ச ஒரு பொண்ணு டப்பாவும் கையுமா கடைக்கு வந்தாங்க. கேட்டது தூக்க மாத்திரை. ராத்திரி பூரா முழிப்பு, வாய் வறண்டு போகுது, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. ஆனா அவங்களுக்கு அதுல வருத்தமே இல்லை. "பசியே எடுக்கலண்ணே, சூப்பரா வேலை செய்யுது." பிரஷர் பார்த்தேன், 160/100. வயசு முப்பதைத் தாண்டியிருக்காது.

டப்பாவுல "100% மூலிகை, பக்கவிளைவு அறவே இல்லை"ன்னு கொட்டை எழுத்து. திருப்பிப் பார்த்தா தயாரிச்சவன் முகவரி இல்லை, லைசென்ஸ் நம்பர் இல்லை, பேட்ச் நம்பர் இல்லை. நம்ம ஊர்ல விக்கிற சூரணத்துக்குக்கூட இதெல்லாம் இருந்தாகணும்.

அந்த மூணு தொந்தரவையும் நான் ஏற்கெனவே பார்த்திருக்கேன். சிபுட்ரமின்னு ஒரு மருந்து, ஒரு காலத்துல டாக்டர் சீட்டுக்கு நாங்களே கொடுத்ததுதான். வயிறு நிறைஞ்ச மாதிரி மூளைக்குக் காட்டும். கூடவே பிரஷரையும் நாடித்துடிப்பையும் ஏத்திவிடும். இதயநோய், சர்க்கரை மாதிரி ஆபத்து இருந்த சுமார் 10,000 பேரை வச்சு ஸ்கவுட்னு ஒரு ஆய்வு நடந்துச்சு. மாரடைப்பும் பக்கவாதமும் கூடுறது அதுல தெரிஞ்சுது. 2010-ல ஐரோப்பாவுலயும் அமெரிக்காவுலயும் நிறுத்தினாங்க, 2011 பிப்ரவரியில இந்தியாவுல தடை. அதுக்கப்புறம் அது மூலிகை வேஷம் கட்டிக்கிட்டு சுத்துது. வெளிநாடுகள்ல "மூலிகை" கேப்ஸ்யூலைச் சோதிச்சா திரும்பத் திரும்பச் சிக்குறது இதுதான். இந்தப் பொண்ணு டப்பாவுல இருந்ததும் அதுதானான்னு லேப்ல பார்க்காம சொல்ல முடியாது. ஆனா இலை தழைப் பொடி மூணு நாள்ல ஒருத்தர் பசியை அடக்குதுன்னா எனக்குச் சந்தேகம்தான் வரும். தூக்க மாத்திரை கொடுக்கலை. டப்பாவோட டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன்.

சிராங்கூன் அக்கா (சிங்கப்பூர்):
இங்க என் வயசுக்காரங்களுக்கு ஸ்லிம் 10-ன்னு சொன்னா இப்பவும் திக்குன்னு இருக்கும். 2002. சீனாவுல இருந்து வந்த மூலிகை மாத்திரைன்னு ஆபீஸ்ல ஆளாளுக்கு வாங்கிச் சாப்பிட்டாங்க. டிவி நடிகை ஆண்ட்ரியா டி குரூஸுக்குக் கல்லீரல் செயலிழந்துபோய், அவரைக் கட்டிக்க இருந்த நடிகர் தன் கல்லீரல்ல ஒரு பகுதியைக் கொடுத்துத்தான் பிழைச்சாங்க. அதே மாத்திரை சாப்பிட்ட இன்னொரு பெண்மணி பிழைக்கலை. சோதிச்சுப் பார்த்தா உள்ளே ஃபென்ஃப்ளூரமின். இதய வால்வைக் கெடுக்குதுன்னு 1997-லயே அமெரிக்காவுல திரும்ப வாங்கின மருந்து!

அத்தோட நின்னுச்சான்னா இல்லை. எடை குறைக்கிற காபித்தூள்ல சிபுட்ரமின் இருக்குன்னு இங்க சுகாதார அறிவியல் ஆணையம் இன்னமும் எச்சரிக்கை விட்டுக்கிட்டுதான் இருக்கு. எங்க பிளாக்ல ஒரு அம்மா அந்த மாதிரி காபியைத்தான் போன தீபாவளிக்கு எல்லாருக்கும் கொடுத்தாங்க. நான் முறுக்கை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

பேங்க் சேகர் (கோவை):
எல்லாத்தையும் ஒரே கூடையில போடாதீங்க சார். டாக்டர் எழுதிக்கொடுத்து ஆர்லிஸ்டாட் 120 மி.கி. மூணு வேளையும் சாப்பிட்டவன் நான். அது பசியைத் தொடாது. குடல்ல கொழுப்பைச் செரிக்க வைக்கிற லைபேஸ் நொதியைத் தடுக்கும். சாப்பிட்ட கொழுப்புல கிட்டத்தட்ட 30 சதவீதம் அப்படியே வெளியே போயிடும். எப்படிப் போகும்னுதான் கேக்கணும். சொந்தக்காரர் கல்யாணத்துல நெய் ஊத்தின பொங்கல், ரெண்டு வடை, ஒரு ஜிலேபி. மறுநாள் மீட்டிங்ல உக்காந்திருக்கேன், சின்னதா வாயு பிரியுதுன்னு நினைச்சேன்... பேன்ட்ல எண்ணெய்க் கறை! அன்னைக்கு மத்தியானமே லீவு.

எடை குறைஞ்சுதா? குறைஞ்சுது, விளம்பரத்துல காட்டுற மாதிரி எல்லாம் இல்லை. ஆய்வுகள்லயே மருந்தே இல்லாத டம்மி மாத்திரை சாப்பிட்டவங்களைவிட வருஷத்துக்குச் சராசரியா 2, 3 கிலோதான் கூடுதலா இறங்குது. என்னைக் கேட்டா, பாதி வேலையை அந்தப் பயம்தான் செஞ்சுது. போண்டாவைப் பார்த்தாலே பேன்ட் ஞாபகம் வந்துடும். ஏ, டி, ஈ, கே வைட்டமின் உடம்புல சேர்றது குறையும்கிறதால ராத்திரி படுக்கும்போது ஒரு வைட்டமின் மாத்திரையும் உண்டு.

தைராய்டு தேவி (திருச்சி):
சேகர் சார், உங்களை மாதிரி ஆர்லிஸ்டாட் போடுறவங்க தைராய்டு மாத்திரையும் போட்டா ரெண்டுக்கும் நடுவுல 4 மணி நேரம் இடைவெளி விடணும், இல்லைன்னா தைராய்டு மாத்திரை சரியா ஏறாது. எனக்கு டாக்டர் சொன்னது.

என் கதை வேற. எனக்கு தைராய்டு குறைவு, தினமும் காலையில வெறும் வயித்துல மாத்திரை. எடை கொஞ்சம் இறங்கவும் எதிர்வீட்டு அக்கா வந்து, "எனக்கும் ஒரு அட்டை குடேன்"னு நிக்கிறாங்க. அவங்களுக்கு தைராய்டே கிடையாது! உடம்பு இளைக்க இதைப் பயன்படுத்தக் கூடாதுன்னு அமெரிக்காவுல கறுப்புக் கட்டம் போட்டே எச்சரிக்கை அச்சடிக்கிறாங்க. தேவையில்லாதவங்க அதிகமா முழுங்கினா இதயத்துடிப்பு தாறுமாறாகும், எலும்பும் தேயும். நான் கொடுக்கலை. ஒரு வாரம் பேசலை, அப்புறம் தோசை மாவு கேட்டு வந்துட்டாங்க.

நாரோயில்காரன்:
கார்சீனியா கேப்ஸ்யூல்னு விக்கானுவ பாருங்க, அது எங்க வீட்டு மீன் கொழம்புல கிடக்குற கொடம்புளி! 1998-லயே 135 பேருக்கு 12 வாரம் கொடுத்துப் பாத்தாச்சு, டம்மி மாத்திரைக்கும் அதுக்கும் எடையில வித்தியாசமே இல்ல. கொழம்புல ரெண்டு துண்டு போட்டா ஒண்ணும் செய்யாது. சாறைச் சுண்டக் காய்ச்சி கேப்ஸ்யூலா தின்னவங்களுக்குத்தான் ஈரல் கெட்டிருக்கு. நான் கொழம்போட நிறுத்திக்கிடுதேன்.

ஃபில்டர் காபி ரமணி (சென்னை):
சர்க்கரைக்காக செமாகுளூடைட் மாத்திரை எனக்கு. வெறும் வயிறு, அரை டம்ளருக்கு மேல தண்ணி கூடாது, அரை மணி நேரம் வேற எதுவும் வாயில படக்கூடாது. காபி வாசனை வந்தா எனக்கு அந்த அரை மணி ஒரு யுகம்! இது நிஜமாவே வேலை செய்யுது, ஒத்துக்கறேன். ரெண்டு இட்லியோட போதும்னு தோணும். முதல்ல குமட்டல் பாடாப் படுத்தித்து. செலவு கட்டாம நடுவுல டாக்டரைக் கேட்டே நிறுத்தினேன், பசி பழையபடி வந்து உக்காந்துடுத்து. இதே மருந்தை ஊசியா 68 வாரம் போட்டவாளுக்குச் சராசரியா 15 சதவீதம் எடை குறைஞ்சுது, நிறுத்தின ஒரு வருஷத்துல அதுல மூணுல ரெண்டு பங்கு திரும்பிடுத்துன்னு டாக்டர் சொன்னார். இப்ப திரும்ப ஆரம்பிச்சிருக்கேன்.

புது உறுப்பினர்:
கரூர் அண்ணா, என் தங்கச்சி பீரோவுல லேபிள் இல்லாத டப்பா ஒண்ணு இருக்கு. ஒரு மாசமா சாப்பிடுறாளாம். என்ன பண்றது?

மருந்துக்கடைக்காரர் (கரூர்):
இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்கம்மா. டப்பாவைத் தூக்கிப் போட்டுடாதீங்க, மிச்சம் இருக்கிற மாத்திரையோட டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போங்க. பிரஷர், ஈசிஜி, கல்லீரல் டெஸ்ட் பார்ப்பாங்க. கண்ணு மஞ்சளாச்சுன்னாலோ, சிறுநீர் கட்டன் டீ நிறத்துல போனாலோ, நெஞ்சு வலிச்சாலோ நேரா ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போயிடுங்க. மருந்தால வந்த தொந்தரவைப் பதிவு பண்ண 1800-180-3024-னு மத்திய அரசோட இலவச எண் இருக்கு, பொதுமக்களே கூப்பிடலாம். தங்கச்சியை மட்டும் திட்டிடாதீங்க. திட்டினா அடுத்த டப்பாவை நீங்க பார்க்கவே மாட்டீங்க.