குலதெய்வம் கோயில் மொட்டை: சென்சரி சிக்கல் உள்ள பிள்ளைகளைத் தயார் செய்வது எப்படி?

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்களைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்), தருமபுரி

மொட்டைக்கு நாள் குறித்த பிறகுதான் பல பெற்றோர் இதைக் கேட்டு வருகிறார்கள். மூன்று வாரமாவது கையில் இருந்தால் நல்லது. சென்சரி சிக்கல் என்றால் தொடுதல், சத்தம் போன்ற புலன் உணர்வுகளைத் தாங்க முடியாமல் போவது. அதனால் பிள்ளை அலறுவது பிடிவாதத்தால் அல்ல. தலைத்தோலில் லேசாக உரசும் விரல், முடி வெட்டும் மிஷினின் அதிர்வு, காதோர இரைச்சல், கழுத்தில் குத்தும் முடித் துணுக்கு, சொல்லாமல் ஊற்றும் பச்சைத் தண்ணீர் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழுகின்றன. இதில் எதைத் தாங்க முடியவில்லை என்று முதலில் பிரித்துப் பாருங்கள். மிஷின் தூரத்தில் ஓடும்போதே காதைப் பொத்தினால் சத்தம்தான் சிக்கல். கத்தரிக்கோலுக்கே நெளிந்தால் தொடுதல். வெட்டி முடித்த பிறகு சட்டையைப் பிய்த்து எறிந்தால் முடித் துணுக்கு. அதற்கும் முன்னால் தலையில் பேன், புண் இருக்கிறதா, காதில் சீழ் வடிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சத்தம்தான் சிக்கல் என்றால், பிளேடைக் கழற்றிய மிஷினை ஓடவிடாமல் பிள்ளை கையில் கொடுங்கள். ஓரிரு நாள் விளையாடட்டும். பிறகு அடுத்த அறையில் ஓடவிடுங்கள், அதற்குப் பின் அதே அறையில். அதுவும் பழகியதும் மிஷினின் பின்பக்கத்தை உள்ளங்கையில், தோளில், கடைசியாகப் பிடரியில் வையுங்கள். ஆன் செய்வதும் அணைப்பதும் பிள்ளை கையிலேயே இருக்கட்டும். அழுகை வந்தால் முந்தைய படிக்குத் திரும்பிவிட வேண்டும். நாலு பேர் அமுக்கிப் பிடித்தால் அன்றைக்கு வேலை முடியும், அடுத்த முறை சலூன் இருக்கும் தெருவுக்குள்ளேயே பிள்ளை வராது.

லேசான உரசலைவிட அழுத்தமான தொடுதலைப் பல பிள்ளைகள் எளிதில் ஏற்கிறார்கள். வெட்டுவதற்கு முன் இரண்டு உள்ளங்கையாலும் தலையின் பக்கவாட்டில் ஐந்து எண்ணும் வரை நிதானமாக அழுத்தி விடுங்கள். ஒன்றரை வயது வரைகூட உச்சிக்குழி மூடாமல் இருக்கலாம். அந்த வயதுக் குழந்தைக்குத் தலையில் அழுத்தவே கூடாது, தோளும் முதுகும் போதும்.

சிறப்புக் கல்வி ஆசிரியர், கிருஷ்ணகிரி

மேடம் சொன்னதோடு கோயில் பக்கத்துச் சங்கதியையும் சேர்க்கிறேன். அமாவாசை, வெள்ளிக்கிழமை வேண்டாம். பம்பை அடிக்காத நேரமாகக் கேட்டுக்கொண்டு, காலையில் கூட்டம் சேருமுன் போய்விடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் ஃபிளாஸ்க்கில், புது பிளேடு, மெல்லிய பருத்தித் துண்டு, மாற்றுச் சட்டை இரண்டு கொண்டுபோங்கள். மொட்டை போடுகிற அண்ணனிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும்: பெற்றோர் பத்து வரை சத்தமாக எண்ணுவார், பத்தில் கத்தி தலையை விட்டு விலக வேண்டும், கொஞ்சம் ஓய்வு, மறுபடி பத்து. ‘இன்னும் கொஞ்சம்தானே’ என்று பதினைந்துக்கு இழுத்தால் அந்த எண்ணிக்கையைப் பிள்ளை இனி நம்பாது. பெரும்பாலும் கெட்டுப்போகிற இடம் இதுதான்.

காதுகுத்தையும் அதே நாளில் வைக்கச் சொல்லிப் பெரியவர்கள் வற்புறுத்துவார்கள். தயவுசெய்து வேறொரு நாளுக்குத் தள்ளுங்கள்.

பம்பைச் சத்தத்துக்குத் தொழிற்சாலைகளில் மாட்டுகிற இயர்மஃப் உதவும். சத்தம் இருக்கும் நேரத்துக்கு மட்டும் போடுங்கள், நாள் முழுக்க வேண்டாம். காதைப் பொத்துகிற பிள்ளைக்குக் கேட்கும் திறன் சரியாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டாமல் காது பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், ஓசூர்

கிளம்புமுன் தூளியில் ஆட்டினால் அமைதியாகும் என்று பலர் செய்கிறார்கள். செய்யலாம், ஆனால் எப்படி ஆட்டுகிறோம் என்பது முக்கியம். முன்னும் பின்னும் ஒரே சீராக, மெதுவாக ஆட்டினால் அடங்கும். வேகமும் திசைமாற்றமும் உசுப்பிவிடும். புடவையை முறுக்கிச் சுழலவிடுவதுதான் இருப்பதிலேயே பலமான தூண்டல், அதை அன்றைக்குத் தொடவே வேண்டாம். முகம் வெளிறுவது, வியர்ப்பது, அடிக்கடி கொட்டாவி, குமட்டல் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். சில பிள்ளைகளுக்கு இது சற்று நேரம் கழித்துத்தான் வரும். வலிப்பு உள்ள பிள்ளைக்கு டாக்டரைக் கேட்காமல் இதெல்லாம் கூடாது. புடவை நைந்திருக்கிறதா, கொக்கி தளர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் இழுத்துப் பாருங்கள். கீழே மெத்தை போடுங்கள்.

சென்சரி சிக்கலுக்கான தெரபியை உருவாக்கிய அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஜீன் ஏயர்ஸ் வகுத்த முறையில் பிள்ளை தானாக இயங்குவதுதான் அடிப்படை. அதனால் தூளியைவிட வேலை கொடுப்பதையே நான் முதலில் சொல்வேன். சின்னக் குடத்தில் தண்ணீர் தூக்குவது, துணிமூட்டையைத் தள்ளுவது, சுவரைத் தள்ளுவது. இருபது கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ சுமை போதும்.

மறுபடியும் தருமபுரி

‘சென்சரி மட்டும்தான், வேறொன்றுமில்லை’ என்று யாராவது சொன்னால் அதோடு நிறுத்தாதீர்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலான, 2013இல் வந்த டி.எஸ்.எம்.-5இல் இது தனி நோயாக இல்லை, ஆட்டிசத்தின் அறிகுறிகளில் ஒன்றாக இருக்கிறது. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் (பிள்ளைகளின் வளர்ச்சிச் சிக்கல்களைப் பார்க்கும் அரசு மையம்) முழு வளர்ச்சிப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். தெரபி தொடங்கும்போது ‘சென்சரி சரியாகணும்’ என்று எழுதவிடாமல், ‘அழாமல் ஒரு பக்கம் முடி வெட்டிக்கொள்ள வேண்டும்’ என்று எழுதச் சொல்லுங்கள். மூன்று மாதத்தில் அதில் அசைவே இல்லை என்றால் முறையை மாற்றச் சொல்லிக் கேட்கலாம்.