கோவா இலையில் வெள்ளைக் கூடு

எங்கள் பக்கம் குளவி என்றாலே கைகால் உதறும். தேயிலைக் கொழுந்து எடுக்கப் போன அம்மா இரண்டு தடவை குளவி கொட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தவர். அதனால், கோவாவை (முட்டைக்கோஸை) தின்னும் புழுவைக் குளவியே அடக்கும் என்று விவசாயப் போதனாசிரியர் சொன்னபோது எனக்குப் பிடிக்கவே இல்லை.

நுவரெலியாப் பக்கம் கந்தப்பளையில் குத்தகைக் காணியில் கோவா போடுகிறேன். வெயில் காலத்தில் வைரமுதுகு அந்துப்பூச்சியின் பச்சைப் புழு இலையைச் சல்லடையாக்கிவிடும். மருந்தை மாற்றி மாற்றி அடித்தாலும் கொஞ்ச நாளில் புழுவுக்கு அதுவும் பழகிப்போகும். இலைக்கு அடியில் அரிசிமணி போல வெள்ளைக் கூடுகள் இருக்கும். புழுவின் முட்டை என்று நினைத்து வருடக்கணக்காக நசுக்கிக்கொண்டிருந்தேன்.

அவர் சொன்னபடி நாலைந்து கூடுகளை இலையோடு ஜாம் போத்தலில் போட்டுத் துணி கட்டி வைத்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், உள்ளே எறும்பு அளவில் கறுப்புக் குளவிகள்! கோட்டீசியா என்று பெயராம். புழுவின் உடம்புக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளேயே தின்று வளர்ந்து, வெளியே வந்து கூடு கட்டும். புழு செத்துவிடும். இந்தக் குளவி ஆட்களைக் கொட்டாது.

இப்போது கூடு தெரிந்த பாத்திக்கு மருந்து அடிப்பதில்லை. வரப்பில் கொத்தமல்லியைப் பூக்க விடுகிறேன், குளவிக்குத் தேன் வேண்டுமே. இலையில் ஓட்டை இன்னும் விழுகிறது. ஆனால் உருண்டை தப்பிவிடுகிறது.

*

மகள், உங்கள் கோவாக் குளவிக் கதையை வாசித்தேன். நான் தேயிலைத் தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். தேயிலையிலும் இந்தக் கதை உண்டு. டோட்ரிக்ஸ் என்கிற இலைசுருட்டிப் புழு ஒரு காலத்தில் மலைமலையாக நாசம் செய்தது. 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து மேக்ரோசென்ட்ரஸ் என்ற குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். புழு அடங்கிப்போனது.

1950களில் தேயிலைச் செடியின் கிளையைத் துளைக்கும் வண்டுக்கு டீல்ட்ரின் அடித்தார்கள். அந்த மருந்து குளவியையும் கொன்றது. அடங்கியிருந்த டோட்ரிக்ஸ் திரும்பவும் கிளம்பிவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது பெரியவர்கள் முதலில் சொல்லித்தந்த பாடம் இதுதான். பக்கத்துக் காணிக்காரரிடமும் பேசுங்கள். அவர் அடிக்கும் மருந்து உங்கள் பாத்திக்கும் காற்றில் வரும்.

*

ஐயா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொழுந்து எடுக்கும்போது இலையும் இலையும் நூலால் ஒட்டிக் கிடக்குமாம், பிரித்தால் உள்ளே புழு நெளியுமாம். அதற்கும் ஒரு குளவி காவல் இருந்ததா என்று கேட்டார். இன்று காலை போத்தலைத் திறந்துவிட்டபோது பயப்படாமல் பக்கத்தில் நின்றார்.

பக்கத்துக் காணி அண்ணனிடம் நாளைக்குப் பேசப் போகிறேன். பூக்கோவாவில் இந்தக் கூட்டைக் கண்டவர்கள் இருந்தால் எழுதுங்கள்.